கப்பல்கள் மோதாதிருக்க ஒரு கணக்கு

(பத்தாம் வகுப்பு மாணவி)

கடல் எவ்வளவு அகன்றது என்பதை நாம் யாவரும் அறிவோம். பூமியின் பரப்பில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் கடலே. அத்தனை பெரிய வெளியில் இரண்டு கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது எப்படி என்ற கேள்வி நம்மில் பலருக்கு எழுவது இயல்பே. விடை எளிது. கப்பல்கள் கடல் முழுவதும் பரவிச் செல்வதில்லை. துறைமுக வாயில்களிலும், நீரிணைகளிலும், முனைகளைச் சுற்றி வரும் இடங்களிலும் அவை வந்து குவிகின்றன. ஊரில் வயல்வெளி எத்தனை பரந்து கிடந்தாலும் வண்டிகள் எல்லாம் ஒரே பாலத்தின் மேல்தானே போக வேண்டும்! அது போலத்தான் இதுவும்.

கப்பலுக்குக் கடலில் நேரும் பெரிய இடர்கள் பல. அவற்றுள் இரண்டை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம். ஒன்று, கப்பலோடு கப்பல் மோதுதல். மற்றொன்று, ஆழம் குறைந்த இடத்தில் கப்பல் தரைதட்டுதல். இவ்விரண்டையும் மனிதன் ஆராய்ச்சியால் எவ்வாறு குறைத்து வருகிறான் என்பதைக் காண்போம்.

ஒரு பழைய பயணம்

நம் பாட்டிமார் சின்னப்பர் என்று அழைக்கும் புனித பவுல் கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட வரலாற்றைத் திருத்தூதர் பணிகள் நூலில் நாம் படித்திருக்கிறோம். புயலில் அலைக்கழிந்த அக்கப்பலின் மாலுமிகள் பதினான்காம் நாள் நள்ளிரவில் கரை நெருங்குவதாக உணர்ந்தார்கள். உடனே கயிற்றில் குண்டு கட்டி ஆழம் பார்த்தார்கள். முதலில் இருபது பாகம் இருந்தது. சற்று நேரம் கழித்துப் பார்த்தபோது பதினைந்து பாகம் இருந்தது. பாகம் என்பது இரு கைகளையும் விரித்த அளவு. ஏறத்தாழ ஆறு அடி. நம் கடற்கரை ஊர்களில் இன்றும் பெரியவர்கள் ஆழத்தைப் பாகத்தால் சொல்வதுண்டு.

இரண்டு அளவுகளைக் கொண்டு அம்மாலுமிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆழம் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே பாறையில் மோதக்கூடும். உடனே பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கி, பொழுது விடியக் காத்திருந்தார்கள். மறுநாள் கப்பல் மணல்திட்டில் தட்டி உடைந்தபோதிலும், அதிலிருந்த இருநூற்று எழுபத்தாறு பேரும் உயிரோடு கரை சேர்ந்தனர். அளந்து பார், அளந்ததை ஒப்பிடு, முன்கூட்டியே செயல்படு என்னும் மூன்று படிகளும் அங்கே இருக்கின்றன. பின்னாளில் வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் இம்மூன்றின் விரிவே எனலாம்.

ரேடார் இருந்தும் மோதிய கப்பல்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பயணிக் கப்பல்களிலும் சரக்குக் கப்பல்களிலும் ரேடார் பொருத்தப்பட்டது. இருளிலும் மூடுபனியிலும் தூரத்துக் கப்பலைத் திரையில் காட்டும் கருவி அது. இனி மோதல் என்பதே இராது என்று பலரும் எண்ணினர்.

1956-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அருகே அந்த எண்ணம் தகர்ந்தது. இத்தாலிய நாட்டின் ‘ஆந்திரேயா டோரியா’ என்ற அழகிய பயணிக் கப்பல் நியூயார்க்கை நோக்கி வந்துகொண்டிருந்தது. சுவீடனின் ‘ஸ்டாக்ஹோம்’ என்ற கப்பல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு எதிரே சென்றது. மூடுபனி சூழ்ந்திருந்தது. இரண்டிலும் ரேடார் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பல மைல்களுக்கு முன்பே திரையில் கண்டுவிட்டன. ஆயினும் இரவு 11.10 மணிக்கு ஸ்டாக்ஹோமின் கூரிய முகப்பு ஆந்திரேயா டோரியாவின் வலப்பக்கத்தைப் பிளந்தது. இரு கப்பல்களிலுமாக 51 பேர் மாண்டனர். அருகே இருந்த கப்பல்கள் விரைந்து வந்து உதவியதால் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப்பட்டனர். பதினொரு மணி நேரம் சாய்ந்து மிதந்த ஆந்திரேயா டோரியா மறுநாள் காலையில் மூழ்கியது.

கண்ட பின்னும் மோதியது எதனால்? எதிர்க்கப்பல் தனக்கு வலப்புறமாகக் கடந்து போகும் என்று ஒரு கப்பலில் எண்ணினார்கள். இடப்புறமாகக் கடந்து போகும் என்று மற்றக் கப்பலில் எண்ணினார்கள். இத்தாலியக் கப்பல் இடைவெளியைக் கூட்டுவதற்காக இடப்புறம் சிறிதே திரும்பியது. அத்திருப்பம் மற்றவர் திரையில் தெரியும் அளவுக்குப் பெரிதாக இல்லை. சுவீடன் கப்பல் அதே நோக்கத்தோடு வலப்புறம் திரும்பியது. விலக எண்ணியே இரண்டும் நெருங்கின. மேலும், திரையில் கண்ட புள்ளியை அவ்வப்போது தாளில் குறித்து, கோடு வரைந்து, எதிர்க்கப்பல் எங்கே போகிறது என்று கணக்கிட வேண்டிய வேலையை ஆந்திரேயா டோரியாவில் எவரும் செய்யவில்லை. கருவி கண்ணைக் கொடுத்தது; கணக்கைச் செய்ய வேண்டியவன் மனிதன்.

இதனை ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மைகள் பின்னர் உலகச் சட்டமாயின. 1972-இல் இயற்றப்பட்டு 1977 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்த கடல் மோதல் தடுப்பு விதிகளில், அரைகுறையான ரேடார் செய்தியை வைத்து எதையும் ஊகித்து முடிவு செய்யலாகாது என்று ஒரு விதி இருக்கிறது. திரும்புவதானால் மற்றவருக்குத் தெளிவாகத் தெரியுமாறு பெரிதாகத் திரும்ப வேண்டும், சிறுகச் சிறுகத் திரும்பலாகாது என்று இன்னொரு விதி இருக்கிறது. கண்ணாலும் காதாலும் இயன்ற எல்லா வழிகளாலும் இடைவிடாது காவல் பார்க்க வேண்டும் என்பது மற்றொரு விதி. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ சிந்திய கண்ணீர் இருக்கிறது.

மாறாத கோணம்

எதிரே தெரியும் கப்பல் நம் மீது மோதுமா, மோதாதா என்பதை அறிய மாலுமிகள் பயன்படுத்தும் முறை நம் வகுப்புக் கணிதமே. வடிவொத்த முக்கோணங்களைப் பற்றி நாம் படிக்கிறோம் அல்லவா? அதுதான் இங்கே உயிர் காக்கிறது.

‘அ’ என்ற கப்பல் வடக்கு நோக்கிச் செல்கிறது. ‘ஆ’ என்ற கப்பல் மேற்கு நோக்கிச் செல்கிறது. இரண்டின் பாதைகளும் ‘ம’ என்ற புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. இப்போது அ, அப்புள்ளிக்கு 4 மைல் தெற்கே இருக்கிறது. ஆ, 3 மைல் கிழக்கே இருக்கிறது. பிதாகரஸ் தேற்றப்படி இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 5 மைல். அ-வின் வேகம் மணிக்கு 16 மைல். ஆ-வின் வேகம் மணிக்கு 12 மைல் என்க.

ஏழரை நிமிடம் கழித்துப் பார்ப்போம். அ 2 மைல் சென்றிருக்கும். மீதி 2 மைல். ஆ ஒன்றரை மைல் சென்றிருக்கும். மீதி ஒன்றரை மைல். இடைத்தூரம் இரண்டரை மைல். முன்னைய முக்கோணமும் இப்போதைய முக்கோணமும் வடிவொத்தவை. ஆகவே அ-விலிருந்து பார்ப்பவருக்கு ஆ தெரியும் கோணம் சிறிதும் மாறவில்லை. தூரம் மட்டும் பாதியாகக் குறைந்துவிட்டது. இப்படியே போனால் பதினைந்தாம் நிமிடத்தில் இரண்டும் ‘ம’ என்ற புள்ளியில் சந்திக்கும். சந்திப்பு என்றால் மோதல்!

ஆ-வின் வேகம் மணிக்கு 8 மைலாக இருந்தால் என்ன ஆகும்? ஏழரை நிமிடத்தில் அதற்கு மீதி 2 மைல் இருக்கும். அ-வுக்கும் மீதி 2 மைல். இப்போது கோணம் மாறிவிட்டது; ஆ சற்றே பின்தங்கித் தெரியும். அ அப்புள்ளியைக் கடக்கும்போது ஆ இன்னும் ஒரு மைல் தொலைவில் இருக்கும். அபாயம் இல்லை.

ஆகவே விதி இதுதான்: எதிர்க்கப்பல் தெரியும் திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதல் வரும். மேலே சொன்ன கணக்கில் ஆ என்ற கப்பல் அ-வுக்கு வலப்புறம் இருக்கிறது. வலப்புறத்திலிருந்து குறுக்கே வரும் கப்பலுக்கு நாமே வழிவிட வேண்டும் என்பது கடல் விதி. எனவே அ விலக வேண்டும். இரவில் இதை எப்படி அறிவது? ஒவ்வொரு கப்பலும் தன் இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கையும் வலப்பக்கத்தில் பச்சை விளக்கையும் ஏற்றியிருக்கும். அ-விலிருந்து பார்த்தால் ஆ-வின் சிவப்பு விளக்கே தெரியும். சிவப்பு கண்டவர் நிற்க வேண்டும் அல்லது விலக வேண்டும்!

முன்னாளில் தாளும் பென்சிலும் கொண்டு செய்த இக்கணக்கை, ரேடாரோடு இணைந்த கணிப்பொறியே இன்று செய்கிறது. எந்தக் கப்பல் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு அருகில் வரும் என்று அது காட்டுகிறது.

டோவர் நீரிணையில் கண்ட வெற்றி

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள டோவர் நீரிணை மிகக் குறுகிய இடத்தில் 33 கிலோமீட்டர் அகலமே உடையது. நாள்தோறும் நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அதன் வழியே செல்கின்றன. முன்பெல்லாம் அவரவர் விரும்பிய வழியில் சென்றார்கள். 1961-இல் இங்கிலாந்து, பிரான்சு, மேற்கு ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளின் கடல்வழிக் கழகங்கள் கூடி இதனை ஆராயத் தொடங்கின. எதிரெதிரே செல்லும் கப்பல்களைத் தனித்தனிப் பாதைகளில் பிரித்துவிட வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. 1967-இல் அத்தகைய பிரிவுப் பாதை அங்கே ஏற்படுத்தப்பட்டது. தென்மேற்கே செல்பவை இங்கிலாந்துக் கரையோரமும், வடகிழக்கே செல்பவை பிரான்சுக் கரையோரமும் செல்ல வேண்டும். ஆனால் அது அப்போது கட்டாயம் ஆக்கப்படவில்லை, அறிவுரையாகவே இருந்தது.

அறிவுரை மட்டும் போதாது என்பதை 1971-ஆம் ஆண்டு காட்டியது. ஜனவரி 11-ஆம் நாள் ‘பராக்காஸ்’ என்ற கப்பல் தனக்கு உரியதல்லாத பாதையில் வந்து ‘டெக்சாக்கோ கரீபியன்’ என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதியது. எண்ணெய்க் கப்பல் வெடித்து மூழ்கியது. மறுநாளே ‘பிராண்டன்பர்க்’ என்ற கப்பல், மூழ்கிக் கிடந்த அந்தச் சிதைவின் மேல் மோதி மூழ்கியது. பிப்ரவரி 27-ஆம் நாள் ‘நிக்கி’ என்ற கப்பலும் அதே இடத்தில் மூழ்கியது. ஏழு வாரங்களுக்குள் 51 உயிர்கள் பலியாயின.

அதன் பின் உலக நாடுகள் விழித்துக்கொண்டன. பிரிவுப் பாதையில் செல்வது 1972 விதிகளில் கட்டாயமாக்கப்பட்டது. இரு கரைகளிலும் ரேடார் நிலையங்கள் அமைத்துக் கப்பல்களைக் கண்காணித்து எச்சரிக்கும் சேவையும் 1972-இல் தொடங்கியது. பயன் என்ன? 1956 முதல் 1960 வரையிலான ஐந்து ஆண்டுகளில் டோவர் நீரிணையில் 60 மோதல்கள் நிகழ்ந்தன. இருபது ஆண்டுகள் கழித்து, அதே அளவு காலத்தில் 16 மோதல்களே நிகழ்ந்தன என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு கூறுகிறது. கடல் மாறவில்லை. கப்பல்கள் குறையவில்லை. வழி ஒழுங்கானதே காரணம்.

கப்பலைச் சுற்றி ஒரு வெளி

நாம் வரிசையில் நிற்கும்போது நம்மை ஒருவர் மிகவும் நெருங்கினால் கூச்சப்பட்டு ஒதுங்குகிறோம். கப்பலோட்டிகளுக்கும் அத்தகைய எண்ணம் உண்டா? உண்டு என்று கண்டறிந்தவர் ஜப்பானிய ஆய்வாளர் புஜி. அவரும் தனாக்கா என்பவரும் தம் நாட்டு நீரிணைகளில் செல்லும் கப்பல்களை நோக்கி, 1971-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒவ்வொரு கப்பலைச் சுற்றியும் முட்டை வடிவான ஒரு வெளி இருக்கிறது. அதற்குள் பிற கப்பல்கள் வருவதைக் கப்பலோட்டிகள் தவிர்க்கிறார்கள். அவ்வெளியின் நீளம் கப்பலின் நீளத்தைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. அகலம் மூன்று மடங்குக்குச் சற்று மேல்.

இங்கிலாந்தில் எலிசபெத் குட்வின் என்ற பெண்மணி 1975-இல் இவ்வாய்வை மேலும் வளர்த்தார். ரேடார் பதிவுகளைக் கொண்டு அவர் கண்டது சுவையானது. அவ்வெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இல்லை. வலப்புறம் 0.85 கடல் மைல், இடப்புறம் 0.7 கடல் மைல், பின்புறம் 0.45 கடல் மைல். வலப்புறம் ஏன் பெரிது? வலப்புறத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டியது தம் கடமை என்பதால் கப்பலோட்டிகள் அப்பக்கம் கூடுதல் கவனமாக இருக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் எழுதிய விதி மனிதரின் நடத்தையில் எப்படிப் படிந்திருக்கிறது என்பதை எண்களால் காட்டியவர் ஒரு பெண் என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

இவ்வாய்வுகளிலிருந்து ஒரு கணக்கு பிறந்தது. ஓர் இடத்தில் ஓர் ஆண்டில் எத்தனை மோதல்கள் நிகழக்கூடும்? எல்லாக் கப்பல்களும் கண்ணை மூடிக்கொண்டு சென்றால் எத்தனை மோதல் நிகழும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். பின்பு, கப்பலோட்டி தவறுவதற்கான வாய்ப்பால் அதைப் பெருக்க வேண்டும். அவ்வாய்ப்பு ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு என்று கண்டுள்ளனர். நல்ல கப்பலோட்டிகள் எத்தனை ஆயிரம் முறை நம் கண்ணுக்குத் தெரியாமல் மோதலைத் தவிர்த்திருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பாதைகளைப் பிரித்தால் முதல் எண் குறைகிறது. நல்ல பயிற்சியும் ஓய்வும் தந்தால் இரண்டாம் எண் குறைகிறது.

தரைதட்டுதல்

1967 மார்ச் 18-ஆம் நாள் ‘டாரி கேன்யன்’ என்ற மாபெரும் எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அருகே செவன் ஸ்டோன்ஸ் என்னும் பாறைத்தொடரில் தட்டியது. துறைமுகத்தில் ஏற்றம் வடிவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில், சுற்றுவழியை விட்டுக் குறுக்குவழியில் சென்றதே காரணம். ஒரு லட்சத்துப் பதினையாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் மாண்டன. சிறிது நேரம் மிச்சம் பிடிக்கப் போய் நேர்ந்த கேடு இது.

தரைதட்டுவதில் கண்ணுக்குத் தெரியாத காரணம் ஒன்றும் உண்டு. ஆழம் குறைந்த இடத்தில் கப்பல் வேகமாகச் சென்றால், அதன் அடிப்பகுதிக்கும் கடலடிக்கும் இடையே நீர் விரைந்து பாய்கிறது. விரைந்து பாயும் நீரில் அழுத்தம் குறையும். ஆதலால் கப்பல் வழக்கத்தைவிடக் கீழே அமிழ்கிறது. பாராஸ் என்ற அறிஞர் இதற்கு ஓர் எளிய வாய்பாடு தந்துள்ளார். வேகத்தை ‘நாட்’ கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று எடுத்து, அதன் வர்க்கத்தைக் கப்பலின் பருமன் எண்ணால் பெருக்கி, நூறால் வகுத்தால், அமிழும் அளவு மீட்டரில் கிடைக்கும். எண்ணெய்க் கப்பலின் பருமன் எண் ஏறத்தாழ 0.8. வேகம் 16 நாட் என்றால் அமிழ்வு 2 மீட்டருக்குச் சற்று மேல். வேகத்தை 8 நாட் ஆக்கினால் அமிழ்வு அரை மீட்டரே. வேகம் பாதியானால் அமிழ்வு கால் பங்காகிறது! இருபுறமும் கரை நெருங்கிய கால்வாயில் இந்த அளவு இரு மடங்காகும்.

1992 ஆகஸ்ட் 7-ஆம் நாள் ‘குயின் எலிசபெத் 2’ என்ற புகழ்பெற்ற பயணிக் கப்பல் அமெரிக்கக் கரையருகே பாறையில் உரசியது. கப்பலில் இருந்தவர்கள் எண்ணியதைவிட அது அதிகமாக அமிழ்ந்திருந்தது. அதோடு, அவ்விடத்துக் கடல் வரைபடம் 1939-இல் எடுத்த அளவைக் கொண்டு வரையப்பட்டது. பழைய வரைபடத்தை நம்பிப் புதிய கப்பலை ஓட்டினால் என்னவாகும் என்பதற்கு இது சான்று. இன்று ஒலி அலைகளை விசிறிபோல் பரப்பிக் கடலடி முழுவதையும் அளக்கிறார்கள். மின்னணு வரைபடங்கள் கப்பல் ஆழங்குறைந்த இடத்தை நெருங்கும்போதே மணி அடித்து எச்சரிக்கின்றன.

ஆயினும் 2020 ஜூலை 25-ஆம் நாள் ‘வகாஷியோ’ என்ற சரக்குக் கப்பல் மொரீஷியஸ் தீவின் பவளப்பாறையில் ஏறி நின்றது. ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கசிந்தது. கைப்பேசிக்குச் சைகை கிடைக்கும் என்று கரையை நெருங்கிச் சென்றதும், அக்கரைக்கு உரிய விரிவான வரைபடம் கப்பலில் இல்லாததும் காரணங்கள் என விசாரணையில் தெரிந்தது. மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்தவர்கள் உறவினரோடு பேச விரும்பியதை நாம் புரிந்துகொள்ளலாம். ஆனால் பவளப்பாறை அதைப் புரிந்துகொள்ளாது.

ஓய்வும் ஓர் ஆராய்ச்சி

1989 மார்ச் 24-ஆம் நாள் அலாஸ்காவில் ‘எக்சான் வால்டீஸ்’ தரைதட்டி ஏறத்தாழ 37,000 டன் எண்ணெய் கொட்டியபோது, காவலில் இருந்த அதிகாரியின் களைப்பும் வேலைப்பளுவும் ஒரு காரணம் என்று விசாரணையாளர் கண்டனர். எனவே மாலுமிகளுக்கு இத்தனை மணி நேரம் ஓய்வு என்று விதி வகுக்கப்பட்டது. கரையிலேயே கப்பல் தளத்தைப் போன்ற அறை அமைத்து, திரையில் புயலையும் மூடுபனியையும் காட்டிப் பயிற்சி தருகிறார்கள். தலைவர் தவறும்போது கீழுள்ளவர் அஞ்சாமல் எடுத்துச் சொல்வதும் அப்பயிற்சியில் ஒரு பாடம். புனித பவுலும் அப்பயணத்தைத் தொடர வேண்டாம் என்று முன்பே எச்சரித்தார். கைதியின் சொல்தானே என்று எவரும் கேட்கவில்லை.

விபத்துக்குப் பின் நடக்கும் ஆராய்ச்சியும் முக்கியம். 2010-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு விதித்தொகுப்பு, பழி சுமத்துவதற்காக அன்றி, மீண்டும் நேராமல் தடுப்பதற்காகவே விபத்தை விசாரிக்க வேண்டும் என்கிறது. தண்டனைக்கு அஞ்சினால் உண்மை வெளிவராது. உண்மை வெளிவராவிட்டால் அடுத்த கப்பலும் அதே இடத்தில் மோதும்.

மாலுமிகளின் தனிமையை அறிந்த கத்தோலிக்கர் சிலர் 1920-இல் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய பணியே இன்று ‘ஸ்டெல்லா மாரிஸ்’ என்ற பெயரில் பல நாட்டுத் துறைமுகங்களில் நடைபெறுகிறது. கடலின் விண்மீன் என்பது நம் அன்னை மரியாவின் பெயர். களைத்து வரும் மாலுமிக்கு ஆறுதல் சொல்வதும் ஒரு விபத்துத் தடுப்பே.

நம் கரையில்

இவை எல்லாம் எங்கோ நடப்பவை என்று நாம் இருந்துவிட முடியாது. 2017 ஜனவரி 28-ஆம் நாள் அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்னும் இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் கரையோரமெங்கும் படிந்தது. தொண்டர்களும் மாணவர்களும் வாளியால் அதனை அள்ளினார்கள். மீன் வாங்க ஆள் இல்லாமல் மீனவர் குடும்பங்கள் வாடின.

2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பத்திலிருந்து மீன் பிடிக்கச் சென்ற விசைப்படகின் மீது இரவில் ஒரு கப்பல் மோதியது. அதில் உயிரிழந்தவர்களில் பலர் நம் குமரி மாவட்டத்தார். இப்படிப்பட்ட விபத்தில் பெரிய கப்பலுக்கு ஒரு கீறல் மட்டுமே விழலாம். மோதியதே மேலே உள்ளவர்களுக்குத் தெரியாமலும் போகலாம். படகுக்கோ எல்லாம் முடிந்துவிடுகிறது. பெரிய கப்பல்கள் 2004-ஆம் ஆண்டின் இறுதிக்குள் தம் பெயரையும் இடத்தையும் வேகத்தையும் தாமே ஒலிபரப்பும் கருவியைப் பொருத்த வேண்டும் என்று விதி வந்தது. மரப்படகில் அக்கருவி இல்லாவிட்டால் கப்பலின் திரையில் அந்தக் குடும்பத்தின் தந்தை தெரிவதில்லை. மரமும் நாரிழையும் ரேடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்புவதும் இல்லை.

இதற்கும் வழிகள் காணப்பட்டு வருகின்றன. தென்மேற்கு இந்தியக் கடலில் சரக்குக் கப்பல்களின் பாதையை மீன்பிடிக்கும் இடங்களிலிருந்து விலக்கி, 2020 ஆகஸ்ட் 1 முதல் நம் அரசு புதிய வழி வகுத்தது. ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவியைப் பொருத்தும் திட்டமும் 2024-இல் தொடங்கப்பட்டது.

எங்கள் வகுப்பில் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் தோழியர் பலர் இருக்கிறார்கள். அவர்கள் தந்தையரும் அண்ணன்மாரும் ஆழ்கடலில் வலை விட்டுவிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் கண்விழித்து விளக்கைக் காக்கிறார்கள். அவர்களுக்காக நாம் வேண்டுகிறோம். அது நம் கடமை. அதனோடு நாம் செய்யக்கூடியவையும் சில உண்டு. படகின் விளக்குகள் எரிகின்றனவா, அவற்றின் நிறமும் இடமும் சரியா என்று வீட்டில் கேட்கலாம். கருவி கொடுக்கப்பட்டிருந்தால் அதனை அணைத்து வைக்காதிருக்கச் சொல்லலாம். இரவில் ஒருவராவது தூங்காமல் காவல் இருக்க வேண்டும் என்ற விதி மாபெரும் கப்பலுக்கு எப்படியோ அப்படியே சிறு வள்ளத்துக்கும் பொருந்தும் என்பதை எடுத்துரைக்கலாம். திசை மாறாமல் ஒரு விளக்கு நெருங்கி வந்தால் அபாயம் என்ற கணக்கை, பள்ளிக்கூடம் காணாத பெரியவர்களுக்கும் இரண்டு தீக்குச்சிகளைக் கொண்டு விளக்கிவிடலாம்.

தோழியரே, இக்கணிதத்தால் என்ன பயன் என்று நாம் சில வேளை சலித்துக்கொள்கிறோம். டோவரில் அறுபதாக இருந்த மோதல் பதினாறாகக் குறைந்ததே, அதுதான் பயன். மூழ்காத அந்த நாற்பத்து நான்கு மோதல்களில் இருந்திருக்கக்கூடிய மனிதர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது. அவர்கள் வழக்கம்போல் வீடு திரும்பினார்கள். நம் கரையிலும் அப்படி வீடு திரும்புவோர் தொகை பெருக வேண்டும். அதற்கான ஆராய்ச்சியில் நாளை நம்மில் சிலராவது ஈடுபட வேண்டும். கப்பற்கலை, கடல் ஆய்வு, கணிப்பொறி, கணிதம் ஆகிய எத்துறையில் நுழைந்தாலும் அங்கே நமக்கு வேலை காத்திருக்கிறது.